கேட்டபின் எடுக்கும் இரத்தம்

(சூலூரில் ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரத்தப் பரிசோதனைக்குச் சென்றால் நாம் முடிவுத் தாளைக் கேட்டு வாங்குகிறோம். தாமதமானால் சண்டைக்கும் நிற்கிறோம். நம் மாவட்டத்து ஆனைகட்டி மலைச்சரிவில் வாழும் இருளர் மக்களிடம் ஆராய்ச்சிக்கென ஒருவர் இரத்தம் கேட்டால், அவர்களுக்கும் அவ்வுரிமை உண்டன்றோ?

1952-இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தைச் சோதித்து, அரிவாள் செல் நோயின் கூறு அவர்களிடம் இருப்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். இந்நோயில் சிவப்பணுக்கள், நாம் கதிர் அறுக்கும் அரிவாளைப் போல வளைந்து சிறு நாளங்களை அடைத்துக்கொள்ளும். பொறுக்கவொண்ணா வலி உண்டாகும். உலகம் அறிந்தது 1952-இல்; கூடலூரில் ஆதிவாசிகளுக்கென மருத்துவமனை எழுந்தது 1990-இல். செய்தி கடல் கடந்த வேகத்தில் சிகிச்சை மலை ஏறவில்லை.

அம்மருத்துவமனையை நடத்தும் அசுவினி அமைப்பு, ஆதிவாசிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தது. தம் மொழி பேசுபவர் கட்டிலருகே நின்றால் அச்சம் பாதி குறையும்.

மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2009-இல் ஆந்திரத்துக் கம்மம் மாவட்டத்தில் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. பழங்குடி மாணவியர் பலருக்குப் பெற்றோர் இடவேண்டிய கையெழுத்தை விடுதிக் காப்பாளரே இட்டிருந்தனர். 2010-இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. தடுப்பூசி என்னவோ நல்லதுதான். முறையாகக் கேளாமல் போட்டதால் அதன்மீதும் ஐயம் விழுந்தது.

அக்காப்பாளர் நிலை நமக்கும் வரலாம். "தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்" என்பார்கள். போதாது. ஊர்த்தலைவரின் இசைவு தனிமனிதர் சம்மதத்துக்கு ஈடாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. மக்களைக் கூட்டித் தருவது நம் வேலை. சம்மதம் தருவது அவரவர் வேலை. எதற்காக இரத்தம், எவ்வளவு, யாரிடம் இருக்கும், முடிவு எப்போது கிடைக்கும் என்பவற்றை அவர்கள் மொழியிலேயே சொல்லச் செய்வோம். மறுப்பவருக்குச் சிகிச்சையோ ரேஷனோ நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கத்தின்கீழ் பழங்குடிப் பகுதிகளில் அரிவாள் செல் பரிசோதனை நடக்கிறது. நோயின் கூறு மட்டும் உடையவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். தாய் தந்தை இருவரிடமும் கூறு இருந்தால்தான், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய்வாய்ப்பு உண்டு. இதை விளக்காமல் ஊர்க்கூட்டத்தில் பெயர் வாசித்தால் ஒரு பெண்ணின் திருமணமே நின்றுவிடும். ஆகவே முடிவுத் தாள் அவரவர் கைக்கே, தனியே, விளக்கத்துடன் சேரட்டும்.