தபால்காரர் கட்டிய அரண்மனை

பிரான்சு நாட்டின் தென்கிழக்கே ஓத்ரீவ் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வட்டாரத்தில் தபால்காரராய் இருந்தவர் பெர்டினாண்டு செவால். நாள்தோறும் 30 கிலோமீட்டர் அளவு நடப்பவர். 1879ஆம் ஆண்டில் ஒருநாள், வழியிற் கிடந்த கல்லொன்று அவர் காலை இடறிற்று. அதன் விந்தையான வடிவைக் கண்டு வியந்து எடுத்து வைத்துக்கொண்டார். இயற்கையே சிற்பியாயின் தாம் கொத்தனாராகலாம் என்னும் எண்ணம் அவருள்ளத்தே முளைத்தது.

பகலெல்லாம் தபால், பின்னர்க் கைவண்டியிற் கல் சேர்த்தல், இரவிலே விளக்கொளியிற் கட்டட வேலை. பித்தர் என்று ஊரார் நகைத்தனர். 33 ஆண்டுகள் கழிந்து, 1912இல் 26 மீட்டர் நீளமுள்ள அரண்மனை எழுந்து நின்றது. சிற்பம் பயிலாத அக்கைகள், படங்களில் மட்டுமே கண்ட இந்துக் கோயிலையும் பள்ளிவாசலையும் அங்கே அருகருகே அமைத்தன.

அதனுள்ளேயே அடக்கமாக விரும்பினார்; அதற்கு இசைவு கிட்டவில்லை. எண்பதை நெருங்கிய வயதிலும் தளராது, ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மேலும் எட்டாண்டுகள் உழைத்துத் தம் கல்லறையைத் தாமே கட்டினார். 1924இல் மறைந்தார். 1969இல் அமைச்சர் ஆந்திரே மால்ரோ, பலர் மறுத்தும் கேளாது, அவ்வரண்மனையை அரசு காக்கும் நினைவுச்சின்னமாக்கினார்.

அக்கல்லை நாம் மிதித்துச் சென்றிருப்போம். அவரோ குனிந்து எடுத்தார். வேறுபாடு அவ்வளவே.