நாணம் யாருக்கு உரியது?



வணிகர் தம் பண்டத்தின் தரத்தை எடுத்துக் கூறி விற்பது உலக வழக்கு. சவர்க்காரம் அழுக்கைப் போக்கும் என்றும், பற்பசை பல்லைக் காக்கும் என்றும் அவர்கள் பறைசாற்றுவதில் பிழை யாதுமில்லை. ஆயின், மோட்டார் வண்டியை விற்பதற்கு அதன் அருகே அரைகுறை ஆடையுடன் ஒரு நங்கையை நிறுத்துவது எதற்காக? அங்கே வண்டியின் தரம் பேசப்படவில்லை; பார்ப்போரின் இச்சையே தூண்டப்படுகிறது. திரைப்பாடல்கள் பலவற்றின் நிலையும் இதுவே. கருத்தும் இசையும் ஆற்றவேண்டிய பணியை இரட்டைப் பொருள்படும் சொற்கள் ஏற்றுக்கொள்கின்றன.

இம்முறையீடு புதியதன்று. 1952ஆம் ஆண்டில் இந்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் தரங்குன்றி மக்களின் சுவையைக் கெடுக்கின்றன என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றிற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வதும் விளம்பரமே என்று கூறி அதுவும் நிறுத்தப்பட்டது. படத் தயாரிப்பாளரோ பாடல்களை ஒலிபரப்பும் உரிமையையே மீட்டுக்கொண்டனர்.

விளைந்தது யாது? இந்திய நேயர் தம் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பின் பக்கம் திருப்பினர். பற்பசை நிறுவனம் ஒன்றின் ஆதரவில் 1952இல் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் இந்திப் பாடல் நிகழ்ச்சி இந்தியா எங்கணும் புகழ் பெற்றது. ஈற்றில், 1957 அக்டோபரில் திரைப்பாடல்களுக்கும் இடமளிக்கும் ‘விவித பாரதி’ சேவையை அகில இந்திய வானொலியே தொடங்கிற்று. தடை பாடலைத் திருத்தவில்லை. கேட்போரை இடம் மாற்றியது. அந்நாளில் கடல் கடந்து வந்த பாடல் இன்று கைத்தொலைபேசி வழியாகச் சிறுவரின் உள்ளங்கையிலேயே வந்து சேர்கிறது. ஆதலின், வாயிலை அடைப்பது மட்டும் போதாது. கேட்கும் செவியைப் பண்படுத்த வேண்டும்.

செவியைப் பண்படுத்துவதெனின், காதற் பாடலை வெறுக்கக் கற்பிப்பதன்று. காதலைப் பாடாத தமிழ் ஏது? சங்கச் செய்யுட்களிற் பெரும்பாலானவை அகத்திணைக்கு உரியவையே. ஆனால், அகப்பாட்டிலே காதலரின் பெயரைச் சுட்டிச் சொல்லலாகாது என்று தொல்காப்பியம் வரம்பு வகுத்தது. சொல்லத் தகாதவற்றை உள்ளுறையாக மலையும் சுனையும் பறவையும் உணர்த்தின. அங்கே பெண் பேசுகிறாள், ஏங்குகிறாள், ஊடுகிறாள், முடிவு செய்கிறாள். அவள் ஓர் உயிர். இன்றைய விளம்பரத்திலோ அவள் வாய் திறப்பதில்லை. பண்டத்தைச் சுற்றிய வண்ணத் தாளுக்கும் அவளுக்கும் வேற்றுமை இல்லை. காதல் பாடப்படுவது குற்றமன்று. ஆள் பண்டமாக்கப்படுவதே குற்றம்.

இதனைப் பேசப் புகுவோரிற் பலர், பெண்களுக்கு நாணம் குறைந்துவிட்டது என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். திருவள்ளுவர் அவ்வாறு கூறினாரல்லர். ‘நாணுடைமை’ என்னும் 102ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, தகாத செயலுக்கு அஞ்சும் நாணம் வேறு, மகளிரின் இயல்பான நாணம் வேறு என்று அவர் பிரித்துவிடுகிறார். அவ்வதிகாரம் போற்றுவது முன்னையதை. அது மாந்தர் அனைவர்க்கும் பொது. அவ்வாறாயின், முதலில் நாண வேண்டியவர் யார்? படத்தில் நிற்கும் பெண்ணா? அவளை அவ்வாறு நிறுத்திப் பொருள் ஈட்டும் வணிகரும், சொல்லை விற்கும் பாடலாசிரியரும், அதனைக் கண்டு களித்துக் கைதட்டும் கூட்டத்தினருமே அல்லரோ?

இதன் கேடு சிறுமியரையே முதலில் தாக்குகிறது. அமெரிக்காவில் 1998இல் வெளியான ஆய்வொன்று சிந்திக்கத் தக்கது. கல்லூரி மாணவியர் சிலருக்கு நீச்சலுடையும் சிலருக்குக் கம்பளிச் சட்டையும் அளித்து, தனியறையில் கண்ணாடி முன் அணிந்து பார்க்கச் செய்தனர். பின்னர் அவ்வுடையுடனேயே கணக்குகளைச் செய்வித்தனர். நீச்சலுடை அணிந்த மாணவியர் மற்றையோரிலும் குறைந்த புள்ளிகளே பெற்றனர். மாணவரிடம் அத்தகைய வீழ்ச்சி காணப்படவில்லை. அவ்வறையில் எவரும் அம்மாணவியரைப் பார்க்கவில்லை. எனினும், பிறர் கண்கொண்டு தம்மைத் தாமே பார்க்கும் பழக்கம் அறிவின் ஒரு பகுதியைக் கவர்ந்துகொண்டது. அமெரிக்க உளவியற் சங்கம் 2007இல் வெளியிட்ட அறிக்கையும், சிறுமியரை இவ்வாறு காட்டுவது அவர்தம் தன்மதிப்பைக் குலைத்து மனச்சோர்வுக்கு இடமளிப்பதாக எடுத்துரைத்தது.

ஆகவே, இல்லங்களிற் செய்யத் தக்கது ஒன்றுண்டு. தகாத பாடலோ விளம்பரமோ வரும்போது பெற்றோர் முகத்தைத் திருப்பிக்கொள்வதோடு அமையாமல், “இங்கே விற்கப்படுவது எது? அதற்கு இந்தப் பெண் எதற்கு?” என்று பிள்ளைகளைக் கேட்கட்டும். மகளைக் கேட்பதற்கு முன் மகனைக் கேட்கட்டும். அவ்வினாவுக்கு விடை தேடப் பழகிய பிள்ளையின் செவிக்குக் காவல் வேண்டுவதில்லை.