கைபேசிக்கும் ஒரு வாசல் உண்டு

(டிரஸ்டின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல், ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது என்று சூரத்துந் நூர் நமக்குக் கட்டளையிடுகிறது. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த ஒழுக்கத்தை வீட்டு வாசலில் பேணுகிறோம். கைபேசியில் பேணுகிறோமா?

2022 ஜனவரி 1 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். 'புல்லி பாய்' என்ற இழிவான பெயரில் ஒரு செயலி கிட்ஹப் தளத்தில் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களை சமூக வலைதளங்களிலிருந்து எடுத்து, அவர்களை ஏலம் விடுவதுபோல் அதில் போட்டிருந்தார்கள். அதற்கு முன் 2021 ஜூலையிலும் இதே போல் ஒன்று நடந்தது. விற்பனை எதுவும் இல்லை. அவமானப்படுத்துவது மட்டுமே நோக்கம். பத்திரிகையாளர்களின் படங்கள் இருந்தன. காணாமல்போன டெல்லி மாணவர் ஒருவரின் வயதான தாயார் படமும் இருந்தது. மகனைத் தேடி நீதி கேட்டுப் போராடியதுதான் அவர் செய்தது.

அப்போது பல வீடுகளில் எழுந்த முதல் பேச்சு என்ன? "படத்தை ஏன் போட்டாய்? கணக்கை மூடு." திருடன் வந்தால் வீட்டுக்காரரையா குற்றவாளி ஆக்குவோம்? அந்தப் பெண்கள் வாயடைத்துப் போகவில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். மும்பை, டெல்லி காவல்துறைகள் கைது செய்தவர்களில் பொறியியல் மாணவர்கள் இருந்தார்கள். 18 வயதுப் பெண் ஒருவரும் இருந்தார். எனவே மகளை எச்சரித்தால் மட்டும் போதாது. அடுத்த வீட்டுப் பெண்ணின் படத்தை எடுத்துக் கேலி செய்வது ஹராம் என்று மகனையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். உயிர், உடைமை, மானம் மூன்றும் புனிதமானவை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ் பேருரையில் அறிவித்தார்கள். மானத்தை உயிரோடு சேர்த்துச் சொன்னார்கள்.

நாட்டின் சட்டமும் இதை ஏற்கிறது. ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அது பணக்காரருக்கும் பிரபலத்துக்கும் மட்டும் உள்ளதல்ல. நம் வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு.

இனி நம்மைப் பார்ப்போம். நம் ரமணாசிரமப் பகுதிக்கு கேமரா புதிதல்ல. பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையெங்கும் கைபேசிகள் உயர்கின்றன. கேட்காமல் நம்மைப் படம் எடுத்தால் முகம் சுளிக்கிறோம். ஆனால் மகளின் நிக்காஹ் படத்தை, பேத்தி பள்ளிச் சீருடையில் நிற்கும் படத்தை, அவர்களைக் கேட்காமலே ஸ்டேட்டஸில் வைக்கிறோம். சீருடையே பள்ளியின் பெயரைச் சொல்லிவிடும். மகள் "வேண்டாம் அத்தா" என்றால், அது வாசலில் "திரும்பிப் போங்கள்" என்று சொன்னதற்குச் சமம். மதியுங்கள்.

உதவி பெறுபவர் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். அரிசிப் பையோடு நிற்கும் விதவைத் தாயிடம் "படம் எடுக்கலாமா?" என்று கேட்டால், அவரால் மறுக்க முடியுமா? மறுக்க முடியாதவரிடம் கேட்பது அனுமதி ஆகாது. அங்கே படமே வேண்டாம். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியாமல் கொடுப்பவரின் சிறப்பை ஹதீஸில் படித்தவர்கள் நாம். தர்மம் செய்தவரின் பெயருக்காக வாங்கியவரின் முகத்தைச் செலவழிக்கலாமா?

பெற்றோருக்குச் சில வேலைகள். வாட்ஸ்அப்பில் தனியுரிமை அமைப்புக்குப் போய், முகப்புப் படத்தையும் ஸ்டேட்டஸையும் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். ஊருக்குப் போகும் செய்தியைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள்.

மீறி ஏதாவது நடந்துவிட்டால், பதறி எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட், முகவரி, தேதி, நேரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மிரட்டுகிறவனுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். அந்தத் தளத்திலும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில், பெண்கள், குழந்தைகள் மீதான ஆபாசப் படக் குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. பிள்ளை முதலில் வீட்டில் வந்து சொல்ல வேண்டும். "சொன்னால் அத்தா போனைப் பிடுங்கிவிடுவார், படிப்பை நிறுத்திவிடுவார்" என்ற பயம் இருந்தால் அவள் சொல்லமாட்டாள். மிரட்டுகிறவனின் பலமே அந்த மௌனம்தான். ஆகவே இன்றே வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: "என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லு. நாங்கள் உன் பக்கம் நிற்போம்."

நம் பிள்ளைகளின் மானத்தையும், நம்மால் பிறர் மானத்தையும் அல்லாஹ் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.