காளை யாருக்குச் சொந்தம்?



பெரம்பூர் என்றதும் பலருக்கு ரெயில் பெட்டிகள்தாம் நினைவுக்கு வரும். 1856ஆம் ஆண்டு தொடங்கிய ரெயில்வே பட்டறையும், 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் நேரு அவர்கள் திறந்துவைத்த ரெயில் பெட்டித் தொழிற்சாலையும் இவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றவை. ஆனால் பட்டறைச் சங்கு ஊதி வேலை முடிந்த பிறகு இவ்வூர் எங்கே சென்றது என்று கேட்டால், விளையாட்டுத் திடலுக்குச் சென்றது என்றே சொல்லவேண்டும். வளைகோல் பந்தாட்டமும் கால்பந்தும் கைப்பந்தும் குத்துச்சண்டையும் வடசென்னையில் வெறும் பொழுதுபோக்கு அல்ல. உழைக்கும் மக்களின் மானப் பிரச்சினை.

இத்தகைய ஊரில் இளைஞர்கள் பதினைந்து பேர் கூடி ஒரு புதிய அணி அமைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பந்து வாங்குவதற்கு முன்பே ஒரு வாக்குவாதம் எழும். அணிக்கு என்ன பெயர் வைப்பது? ஒருவர் சிங்கம் என்பார்; மற்றொருவர் வேங்கை என்பார்; இன்னொருவர் காளை என்பார். எருமை என்றோ ஆமை என்றோ எவரும் சொல்லமாட்டார். முடிவில் 'பெரம்பூர்க் காளைகள்' என்று பெயர் சூட்டிச் சட்டையிலும் அச்சிட்டுவிடுகிறார்கள். பின்னர் ஒருநாள் ஒரு வக்கீல் நோட்டீசு வருகிறது: "காளை எங்கள் கட்சிக்காரரின் பதிவு பெற்ற சின்னம், உடனே நிறுத்துக." காளை ஒருவருக்குச் சொந்தமாக இருக்க முடியுமா? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

விலங்கைத் தன் அடையாளமாகக் கொள்வது நமக்குப் புதிதல்ல. சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல், பல்லவனுக்கு விடை என்பது நாம் பள்ளியிலேயே படித்தது. முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் முத்திரையில் புலியோடு கயலும் வில்லும் சேர்ந்தே காணப்படுகின்றன. வென்றவன் தோற்றவர்களின் சின்னங்களையும் தன் முத்திரையில் சேர்த்துக்கொண்டான். அக்காலத்தில் சின்ன வழக்குக்குப் போர்க்களமே நீதிமன்றம். இன்று நிலைமை நல்லவேளையாக மாறிவிட்டது.

மன்னர் கொடியிலிருந்து விலங்கு வணிகரின் சரக்குக்கு வந்தது. அதற்கு நல்ல காரணம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கடைக்குச் சென்று, "அந்த யானைப் படம் போட்டதைக் கொடுங்கள்" என்று கேட்கலாம் அல்லவா? படம்தான் அவருக்கு எழுத்து. கப்பலில் வந்து நம் துறைமுகங்களில் இறங்கிய சீமைத் துணியிலும் நூலிலும் வண்ணப் படச்சீட்டு ஒட்டியிருந்தது இதற்காகத்தான்.

அத்தகைய படச்சீட்டு ஒன்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை சென்றது. 1882ஆம் ஆண்டில் தீர்ப்பான அந்த வழக்கு யானைகளைப் பற்றியது. ஒரு கம்பெனி சிவப்புச் சாயம் ஏற்றிய நூலைப் பம்பாய்க்கும் ஏடனுக்கும் அனுப்பி வந்தது. அதன் சீட்டில் இரண்டு யானைகள் இருந்தன. பம்பாய்க் கடைத்தெருவில் அந்த நூலுக்கு, 'இரண்டு யானை' என்று பொருள்படும் உள்ளூர்ப் பெயரே வழங்கிற்று. மற்றொரு கம்பெனியும் இரண்டு யானைகள் உள்ள சீட்டுடன் நூல் அனுப்பத் தொடங்கியது. இரு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடுகள் தெரியும். ஆயினும் நீதிபதிகள் வாங்குபவரின் நிலையில் நின்று நோக்கினார்கள். அவர் ஆங்கிலம் படிக்காதவர், 'இரண்டு யானை' என்று கேட்டு வாங்குபவர், அவர் ஏமாறக்கூடும். ஆகவே முதல் கம்பெனியே வென்றது.

இத்தீர்ப்பிலிருந்து நாம் கொள்ளவேண்டியது என்ன? யானை அந்தக் கம்பெனிக்குச் சொந்தம் என்று எவரும் சொல்லவில்லை. அந்த நூலை வாங்கும் மக்கள் யானைப் படத்தின்மீது வைத்த நம்பிக்கையைத்தான் நீதிமன்றம் காத்தது. சின்னச் சட்டத்தின் உயிர்நிலை இதுவே என்று நான் கருதுகிறேன். நம் உச்ச நீதிமன்றமும் 1962ஆம் ஆண்டு 'அமிர்ததாரா' வழக்கில், நடுத்தர அறிவும் மங்கலான நினைவும் உடைய ஒரு மனிதரையே அளவுகோலாகக் கொண்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு இரு படங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நிபுணர் அல்லர் அவர். போகிற போக்கில் வாங்கிச் செல்பவர்.

நம் நாட்டில் வணிகச் சின்னங்களைப் பதிவு செய்வதற்கு 1940ஆம் ஆண்டுதான் தனிச் சட்டம் பிறந்தது. பின்னர் 1958ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் உள்ளது 1999ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2003 செப்டம்பர் 15 முதல் செயலுக்கு வந்த சட்டம். இதன்படி சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உடைகள் 25ஆம் வகுப்பு. விளையாட்டுக் கருவிகள் 28. விளையாட்டு நிகழ்ச்சிகளை நடத்துதல் 41. இந்த வகுப்புப் பிரிவினையை விளையாட்டு அன்பர்கள் நன்கு உணர்ந்திருக்க வேண்டும். பொதுவாக, ஒருவர் காளையைத் தீப்பெட்டிக்குப் பதிவு செய்துவிட்டார் என்பதனாலேயே கபடி அணிக்குக் காளை மறுக்கப்பட்டுவிடாது. ஆனால் நாடே அறிந்த பெரும் புகழ் பெற்ற சின்னங்களுக்கு மட்டும் வகுப்பு எல்லையைத் தாண்டியும் பாதுகாப்பு உண்டு.

இதற்கும் ஒரு வழக்கைக் காட்டலாம். கர்நாடகப் பால் கூட்டுறவு இணையத்தின் பால் 'நந்தினி' என்னும் பெயரால் விற்பது. பெங்களூரில் ஓர் உணவு விடுதியும் சிறு எழுத்து வேறுபாட்டுடன் அதே பெயரைக் கொண்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. நந்தினி என்பது புராணத்துப் பசுவின் பெயர். அதன்மீது ஒருவர் முழு ஏகபோகம் கொண்டாட முடியாது. பாலும் விடுதி உணவும் வேறு வேறு சரக்குகள் என்ற நோக்கில் 2018ஆம் ஆண்டு விடுதிக்கு ஆதரவாகத் தீர்ப்பாயிற்று. 1882ஆம் ஆண்டு யானை ஒரே சரக்கில் மோதிற்று. ஆகவே ஒன்று விலகவேண்டியதாயிற்று. 2018ஆம் ஆண்டுப் பசு இரண்டு கொட்டில்களில் நின்றது. ஆகவே இரண்டும் பிழைத்தன.

விளையாட்டு அணிகள் பெருவணிகமாக வளர்ந்துவிட்ட அமெரிக்காவில் இத்தகைய பூசல்கள் மிகுதி. 1993ஆம் ஆண்டு ஜாக்சன்வில் நகரத்துக்குக் கிடைத்த அமெரிக்கக் கால்பந்து அணி 'ஜாக்குவார்' என்னும் விலங்கின் பெயரைச் சூடிப் பாயும் ஜாக்குவார் படம் ஒன்றையும் வெளியிட்டது. அதே பெயருடைய கார்க் கம்பெனியின் கார்களில் முன்பே ஒரு ஜாக்குவார் பாய்ந்துகொண்டிருந்தது. கம்பெனி ஆட்சேபித்தது. 1995இல் அணி களம் இறங்குவதற்குள் படம் மாற்றப்பட்டது, பெயர் நிலைத்தது. விலங்குக்குத் தடை இல்லை, அந்தப் பாய்ச்சலுக்குத்தான் தடை என்பதைக் கவனியுங்கள்.

அண்மைக் காலத்துச் செய்தி இதைவிடச் சுவையானது. 2024ஆம் ஆண்டு அரிசோனாவிலிருந்து யூட்டா மாநிலத்துக்கு ஒரு பனி வளைகோல் பந்தாட்ட அணி குடிபெயர்ந்தது. புதிய ஊரில் புதிய பெயர் தேடினார்கள். இமயமலையில் திரிவதாகச் சொல்லப்படும் 'யெட்டி' என்னும் பனிமனிதனின் பெயர் பலருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அப்பெயரில் குளிர்காப்புப் பெட்டிகளும் குவளைகளும் விற்கும் நிறுவனம் ஒன்று உண்டு. பதிவு அலுவலகம் தடை சொன்னது. நிறுவனத்தோடு உடன்பாடும் ஏற்படவில்லை. 2025 ஜனவரியில் அப்பெயர் கைவிடப்பட்டது. இவ்வுலகில் இருப்பதாக எவரும் மெய்ப்பிக்காத ஒரு பிராணிக்குக்கூட உரிமையாளர் இருந்தார்! அடுத்து, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன கம்பளி யானையாகிய 'மாமத்' பெயரை அவ்வாண்டு மே மாதம் சூட்டினார்கள். அப்பெயரில் வளைகோல் ஆட்டக்காரர்களுக்குப் பை தைத்து விற்கும் ஒரு சிறு நிறுவனம் ஆட்சேபம் எழுப்பிற்று. ஆகஸ்டு மாதம் அணியே நீதிமன்றத்தை நாடி, அப்பெயரைப் பயன்படுத்தத் தனக்கு உரிமை உண்டு என்று அறிவிக்குமாறு கேட்டது.

இக்கதையில் பெரியவர் யார், சிறியவர் யார் என்று பாருங்கள். முதலில் அணியை விலக்கியது பெரிய நிறுவனம். பிறகு அணி எதிர்கொண்டது சிறிய நிறுவனம். சட்டம் இருவருக்கும் ஒன்றே. ஆனால் வழக்கு நடத்தும் செலவு இருவருக்கும் ஒன்றல்ல.

நம் பக்கத்து நிலைமை என்ன? 2016ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்நாட்டுக் கிரிக்கெட் போட்டித் தொடரில் மதுரைக்குச் சிறுத்தை, திண்டுக்கல்லுக்கு டிராகன், காரைக்குடிக்குக் காளை என்று பெயர்கள் அமைந்தன. அதற்கு முன்பே, 2014 முதல், கபடியில் ஜெய்ப்பூர் அணி இளஞ்சிவப்புச் சிறுத்தையையும் பெங்களூர் அணி காளையையும் கொண்டுவிட்டன. சிறுத்தை இரண்டு, காளை இரண்டு. ஆனால் ஊர்ப் பெயர் முன்னே நின்றதால் மக்களுக்குக் குழப்பம் இல்லை. ஆகவே, விலங்கின் பெயரைத் தனியே வைக்காமல் ஊரோடு சேர்த்து வைப்பதே நன்று.

இன்னொன்றும் நினைக்கத் தக்கது. காரைக்குடிக் காளை சில ஆண்டுகளில் திருப்பூருக்கு மாறியது. காளை என்ற பெயரும் மறைந்தது. இலங்கையில் 2020ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தின் குதிரை அணி கோப்பையை வென்றது; அடுத்த ஆண்டு புதிய உரிமையாளர் வந்தபோது அதன் பெயர் குதிரையிலிருந்து அரசர் என்று மாறியது. ஊர் மக்கள் கூவி அழைத்த பெயராயினும், ஏட்டில் அது உரிமையாளரின் சொத்து. பட்டறையும் ஆலையும் தெருவும் வளர்த்த பழைய சங்கங்களுக்கு இந்த நிலை இல்லை. அங்கே பெயரை வைத்தவர்களும் காப்பவர்களும் ஊராரே.

அந்தச் சங்கங்களை எண்ணித்தான் நான் கவலைப்படுகிறேன். வடசென்னைத் தெரு ஒன்றில் முப்பது ஆண்டுகளாக ஒரு விலங்கின் பெயரால் ஆடிவரும் சங்கம் ஏதேனும் பதிவு செய்திருக்குமா? பெரும்பாலும் இராது. நாளை பணம் படைத்த ஒருவர் அதே பெயரைப் பதிவு செய்துகொண்டு வந்தால் அவர்கள் கைகட்டி விலகவேண்டியதுதானா?

வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஒரு சின்னத்தைப் பதிவு செய்தவருக்கு முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருபவரைக் காக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவின் பெயரைப் பற்றிய வழக்கில் 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இக்கொள்கையை ஐயமற உறுதி செய்தது. பதிவுச் சீட்டைவிட முந்திய பயன்பாடு வலியது என்பது அதன் சாரம்.

ஆனால் முந்திய பயன்பாட்டை வாயால் சொன்னால் போதாது, காட்டவேண்டும். போட்டி அறிவிப்புத் தாள், பரிசுச் சான்றிதழ், சட்டை தைத்த ரசீது, நாளிதழில் வந்த முடிவு, தேதியிட்ட புகைப்படம் ஆகிய இவையே சங்கத்தின் பட்டயங்கள். இவற்றை அலமாரியில் பத்திரப்படுத்துங்கள். சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துவிட்டால் பெயரும் நமதாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சங்கத்தின் பதிவு. சின்னத்தின் பதிவு வேறு.

புதிதாகப் பெயர் வைப்போருக்கும் சில வார்த்தைகள். சட்டை அச்சிடுமுன் வணிகச் சின்னப் பதிவேட்டைத் தேடிப் பாருங்கள். இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். தென் மாநிலங்களுக்கான அலுவலகம் நம் கிண்டியிலேயே உள்ளது. தனி மனிதரும் சிறு நிறுவனமும் இணைய வழியில் விண்ணப்பிக்க, 2017ஆம் ஆண்டு விதிகளின்படி வகுப்பு ஒன்றுக்கு ரூ. 4,500 கட்டணம். விண்ணப்பம் இதழில் வெளியானபின் நான்கு மாதங்களுக்குள் பிறர் ஆட்சேபிக்கலாம். அவ்வழியே நீங்களும் பிறர் விண்ணப்பத்தை ஆட்சேபிக்கலாம். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விலங்கின் படத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டாமல், உள்ளூர் ஓவியர் ஒருவரைக் கொண்டு வரையச் செய்யுங்கள். சிங்கம் வேண்டுமென்றால் வையுங்கள். ஆனால் அரசாங்க முத்திரையாகிய சாரநாத்துச் சிங்கங்களைத் தொடாதீர்கள். அதற்குத் தனிச் சட்டமே தடையாக இருக்கிறது.

நேயர்களே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். காளை எவருக்கும் சொந்தமல்ல. ஒரு காளையைப் பார்த்ததும் "இது நம் பெரம்பூர் அணி" என்று ஊரார் அடையாளம் கண்டுகொள்கிறார்களே, அந்த அறிமுகம்தான் சொத்து. அதைத் திடலில் பல ஆண்டுகள் ஆடித்தான் ஈட்டவேண்டும். அவ்வாறு ஈட்டியவரிடமிருந்து அதைப் பறிப்பது, ஈட்டியவர் ஏழைச் சங்கத்தாராயினும், திருட்டே ஆகும். சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது என்பதை அவர்களே அறியாமல் இருக்கக்கூடாது என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு சங்கம் இருந்தால், அதன் பழைய சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.