திரும்பி வந்தவர்கள் எதற்குத் திரும்பினார்கள்?



அன்னியர் துணையோடு நடக்கும் ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றிப் பேச இந்த உடையார்பாளையத்துக்கு உரிமை உண்டு. 1765இல் ஆர்க்காட்டு நவாபின் தரப்பு கும்பினிப் படை பலத்தோடு வந்து உடையார்பாளையத்தையும் அரியலூரையும் பிடித்தது. பாளையக்காரர்கள் விரட்டப்பட்டார்கள். நாம் பேசப்போகும் மற்ற அரசுகளைப் போல அவர்களை யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த வேறுபாட்டை மழுப்ப வேண்டியதில்லை. பிற்காலத்தில் இவ்வூர்க் குடும்பம் திரும்பி வந்தது. ஆனால் கும்பினி கொடுத்த சன்னதின்படி கிஸ்தி கட்டும் ஜமீன்தாராக.

எதற்குத் திரும்பினார்கள் என்ற இதே கேள்வியோடு, அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த கயானாவுக்குப் போவோம். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய நம்மவர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்களுக்கு இன்றும் ‘மதராசி’ என்றுதான் பெயர். தமிழ் போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை.

1953 ஏப்ரலில் நடந்த தேர்தலில் செட்டி ஜெகனின் மக்கள் முற்போக்குக் கட்சி 24 இடங்களில் 18ஐ வென்றது. 133 நாளில் பிரிட்டன் போர்க்கப்பலை அனுப்பி, அரசியல் சட்டத்தை நிறுத்திவைத்து, அமைச்சரவையைக் கலைத்தது. ஜெகன் 1957லும் 1961லும் மறுபடி வென்றார். இம்முறை வேலை நுட்பமாக நடந்தது. 1963இல் எண்பது நாள் நீடித்த பொது வேலைநிறுத்தத்துக்கு அமெரிக்காவின் சி.ஐ.ஏ. பணம் தொழிற்சங்கங்கள் வழியாகப் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு லண்டன் தேர்தல் முறையையே விகிதாசாரப் பிரதிநிதித்துவமாக மாற்றியது. அது கெட்ட முறையல்ல, சொல்லப்போனால் நியாயமானது. யாரை வெளியேற்றுவது என்று முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற முறையைத் தேடியதுதான் கோளாறு. 1964 டிசம்பர் தேர்தலில் ஜெகனின் கட்சியே அதிக வாக்கு பெற்றும், எதிர்க்கட்சித் தலைவர் பர்னாம் கூட்டணி அமைத்துப் பிரதமரானார்.

கவிழ்ப்பின் வரலாற்றை அந்த டிசம்பரோடு முடித்துவிடுகிறோம். உண்மையில் அங்கேதான் தொடங்க வேண்டும். 1964 வரையிலான மோதல் ஆண்டுகளில் இந்திய வம்சாவளியினரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் வாக்கு பெரிதும் இனத்தின் வழியே பிரிந்து விழுந்தது. 1968 முதல் தேர்தல்கள் முறைகேடாகவே நடந்தன. 1980இல் பர்னாம் ஆட்சியை எதிர்த்த வரலாற்றறிஞர் வால்டர் ராட்னி குண்டு வெடித்து மாண்டார். கூட்டம் கூட்டமாக மக்கள் நியூயார்க்குக்கும் டொரோண்டோவுக்கும் குடிபெயர்ந்தார்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் ஆலோசகராயிருந்த ஆர்தர் ஷ்லெசிஞ்சர் 1990இல் ஜெகனைச் சந்தித்து, கவிழ்ப்பில் தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தார். பெரிய மனது!

1992இல் நேர்மையான தேர்தல் நடந்தது. எழுபத்து நான்கு வயதில் ஜெகன் குடியரசுத் தலைவரானார். அவர் அமர்ந்தது பர்னாம் 1980 அரசியல் சட்டத்தின்வழி தனக்காகச் செய்துகொண்ட நாற்காலியில். கஜானாவில் இருந்தது சுமார் 200 கோடி டாலர் வெளிக்கடன். பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகள் ஏற்கெனவே மேசைமேல் இருந்தன. நம் ஜமீன்தாரின் சன்னது நினைவுக்கு வருகிறதல்லவா?

சிலியிலும் இதுவே. 1973இல் குடியரசுத் தலைவர் அயெந்தே வீழ்ந்தார். இராணுவ ஆட்சியாளர் பினோசே காலத்து 1980 அரசியல் சட்டம் பல திருத்தங்களோடு இன்னும் நடப்பில் உள்ளது. 2022லும் 2023லும் புதிய வரைவுகளை மக்களே நிராகரித்தார்கள். ஏன் நிராகரித்தார்கள் என்பதற்கு அமெரிக்காவை மட்டும் காரணம் காட்டுவது சோம்பேறித்தனம்.

ஆகவே இந்தக் கருத்தரங்கின் கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கவிழ்த்தவர் யார் என்பதைச் சுருக்கிச் சொல்லுங்கள். அதற்கு ஆவணங்கள் போதிய அளவு வெளிவந்துவிட்டன. அடுத்த முப்பது ஆண்டில் சட்டத்தை எழுதியது யார், கடனை வாங்கியது யார், ஊரைவிட்டுப் போனது யார் என்பதற்கு நேரம் ஒதுக்குங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.