இருட்டைக் காட்டும் டிவி



சேலத்திலிருந்து வாழப்பாடி, ஆத்தூர் போகிற சாலையில் அயோத்தியாப்பட்டணத்தில் டிவி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிக்சர் டியூப் காலத்தில் தொடங்கிய தொழில். இப்போது கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் ரிப்பேருக்கு வருவதில்லை, யோசனை கேட்க வருகிறார்கள். "அண்ணா, ஓஎல்இடி எடுக்கலாங்களா, மினி எல்இடி எடுக்கலாங்களா?" என்பதுதான் கேள்வி. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்குப் பிறகு, ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று எடுத்துவைத்துக்கொண்டு கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அந்த விலையில் டிவி வாங்க நினைக்கிறவர்களுக்காக இன்றைக்குப் பேசுகிறேன்.

கடைக்குப் போனால் 4கே, 120 ஹெர்ட்ஸ், நூறு கோடி நிறம் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நான் முதலில் பார்ப்பது கறுப்பை. ஒரு டிவி இருட்டை எவ்வளவு இருட்டாகக் காட்டுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பேன்.

ஏன் கறுப்பு? எங்கள் ஊர் கோதண்டராமர் கோயிலுக்கு வந்திருப்பீர்கள். நடுப்பகல் வெயிலிலிருந்து மண்டபத்துக்குள் கால் வைத்தால் எல்லாமே ஒரே இருட்டாகத் தெரியும். தூண் எது, தூணில் இருக்கிற சிற்பம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் நின்றால் கண் பழகும். அப்புறம் சிற்பத்தின் மூக்கு, தோள்வளை, இடுப்பு மடிப்பு என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். டிவி பார்க்கும்போதும் கண் இதே வேலையைத்தான் செய்கிறது. டியூப் லைட் எரிகிற ஹாலில், வாசல் கதவும் திறந்திருக்கும்போது, திரையில் இருக்கிற சாம்பல் நிறம்கூடக் கண்ணுக்குக் கறுப்பாகத்தான் படும். இரவு விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். கால் மணி நேரத்தில் கண் இருட்டுக்குப் பழகிவிடும். அதே கறுப்பு அப்போது வெளிறிப்போய், புகை படிந்த மாதிரி நிற்கும். பகலில் கடையில் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கிய டிவி இரவில் ஏன் ஏமாற்றுகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

மாசிநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு பாட்டி. 2006இல் தொடங்கிய அரசின் இலவச டிவி திட்டத்தில் கிடைத்த 14 அங்குலப் பெட்டியைத்தான் பல வருஷம் பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் முதல் சம்பளத்தில் தட்டையான 32 அங்குல எல்இடி டிவி வாங்கிக் கொடுத்தான். சுவரில் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். நாலு நாள் கழித்துக் கூப்பிட்டார். "ஏங்கண்ணு, இந்தப் பொட்டியில ராத்திரியே வரமாட்டேங்குதே" என்றார். பேரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டியின் கண் சரியாகத்தான் பார்த்திருந்தது. பழைய பிக்சர் டியூபில், எலக்ட்ரான் கற்றை படாத இடம் ஒளிராது. இரவுக் காட்சி வந்தால் அந்த இடம் இருண்டே கிடக்கும். எல்இடி டிவியில் திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கிறது. முன்னால் இருக்கும் திரவப் படிக அடுக்கு அந்த ஒளியைத் தடுக்கிறது, ஆனால் முழுக்கத் தடுக்க அதனால் முடியாது. கசிகிற ஒளியைத்தான் பாட்டி பார்த்திருக்கிறார்.

கியூஎல்இடி என்று எழுதியிருந்தாலும் மினி எல்இடி என்று எழுதியிருந்தாலும் அடிப்படை இதே திரவப் படிகத் திரை, அதாவது எல்சிடிதான் என்பதை நேயர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கியூஎல்இடியில் சேர்ந்திருப்பது குவாண்டம் புள்ளிகள். அவற்றைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக 2023இல் மூன்று விஞ்ஞானிகளுக்கு வேதியியல் நோபல் பரிசே கொடுத்தார்கள். சிவப்பும் பச்சையும் அவற்றால் மிகச் சுத்தமாக வரும். கறுப்புக்கு அவை எதுவும் செய்வதில்லை.

ஓஎல்இடி வேறு வகை. 4கே திரையில் குறுக்கே 3,840, நெடுக்கே 2,160 என்று ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றும் தானே ஒளிர்கிறது, பின்விளக்கே கிடையாது. கறுப்பு வரவேண்டிய இடத்தில் அந்தப் புள்ளி அணைந்துபோகிறது. 1987இல் கோடாக் கம்பெனியில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவர் செய்துகாட்டிய வேலை. 2007இல் சோனி அதை 11 அங்குல டிவியாக விற்றது. 2013இல் எல்ஜி 55 அங்குலத்துக்குக் கொண்டுவந்தது. எங்கள் ஊர் வீடுகளுக்கு அது வந்து சேர்ந்தது அதற்கும் ரொம்பப் பிறகுதான்.

மினி எல்இடி, சாதா எல்இடிக்கும் ஓஎல்இடிக்கும் நடுவில் நிற்கிறது. பின்விளக்கை நூற்றுக்கணக்கான பகுதிகளாக, விலை கூடினால் ஆயிரக்கணக்கான பகுதிகளாகப் பிரித்து, இருட்டு வருகிற பகுதியை மட்டும் மங்கவைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு பகுதிக்குள் ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருக்கின்றன. கறுப்புப் பின்னணியில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தால் அந்தப் பகுதி மொத்தமும் எரியும், சுற்றிலும் ஒரு வெள்ளை மூட்டம் தெரியும்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். நேயர்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். கடைகளில் ஓடுகிற வீடியோ பெரும்பாலும் பூ, அருவி, பலநிறச் சாயம் தெறிப்பது என்றுதான் இருக்கும். எந்த டிவியிலும் அது அழகாகவே தெரியும், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். முந்தின நாள் இரவு வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, காமாட்சி விளக்கு ஒன்றை ஏற்றுங்கள். பக்கத்தில் வீட்டில் யாரையாவது உட்காரவையுங்கள். போனில் 4கே வைத்து ஒரு நிமிஷம் படமெடுங்கள். போனை அசைக்காமல், திரையில் சுடரைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுடர் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு சேலம் ஐந்து ரோடு பக்கம் எந்தப் பெரிய கடைக்கும் போங்கள். போட்டுக் காட்டச் சொல்லுங்கள். லட்ச ரூபாய் கொடுக்கப்போகிறவருக்கு மறுக்கமாட்டார்கள். டிவி வரிசைக்கு மேலே இருக்கிற விளக்குகளை மட்டும் இரண்டு நிமிஷம் அணைக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

என்ன பார்க்க வேண்டும்? ஓரத்தில் மட்டும் பின்விளக்கு வைத்த சாதா எல்இடியில் சுடர் எரியும்போது திரை முழுவதுமே சாம்பல் பூத்து நிற்கும். மினி எல்இடியில் மூலைகள் கறுத்திருக்கும், சுடரைச் சுற்றி மட்டும் மூட்டம் இருக்கும். சுடர் காற்றில் அசையும்போது அந்த மூட்டம் கொஞ்சம் தாமதமாகப் பின்னாலேயே நகர்கிறதா என்று பாருங்கள். நல்ல மினி எல்இடிக்கும் மட்டமானதற்கும் வித்தியாசம் அங்கேதான் தெரியும். ஓஎல்இடியில் சுடர் இருக்கும், சுடரை ஒட்டியே இருட்டு தொடங்கும். திரியின் கறுத்த நுனி சுடருக்குள்ளே தெரிகிறதா, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தலைமுடி பின்னால் இருக்கும் இருட்டோடு ஒட்டிப்போகாமல் தனியாகப் பிரிகிறதா என்றும் பாருங்கள். கறுப்பு ஆழமாக இருந்தால் மட்டும் போதாது, கறுப்பை ஒட்டி இருக்கிற விவரமும் வர வேண்டும். இருட்டில் புள்ளி புள்ளியாக நெளிந்தால் டிவியைக் குறை சொல்லாதீர்கள், அது போன் கேமராவில் வருவது. அப்படியே நாலு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். நம் வீடுகளில் எல்லாரும் டிவிக்கு நேராகச் சோபாவில் உட்காருவதில்லை. ஒருவர் கட்டிலில், ஒருவர் தரையில், ஒருவர் அடுப்படி வாசலில். எல்சிடியில் விஏ வகைப் பேனல் நேராகப் பார்க்க நல்ல கறுப்பு தரும், பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுக்கும். ஐபிஎஸ் வகை பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் கறுப்பு சுமார்தான். ஓஎல்இடியில் அந்தக் கவலை குறைவு.

கறுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சேலத்துக்காரனால் மாடர்ன் தியேட்டர்ஸை விட்டுவிட்டுப் போக முடியாது. ஏற்காடு சாலையில் அந்த வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டூடியோ. தமிழில் முதல் முழுநீளக் கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அங்கிருந்துதான் வந்தது. மலையாளத்தின் முதல் கலர் படமும் அவர்கள் எடுத்ததே. ஆனால் என் மனசு அவர்களுடைய கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டில் வேலை பார்க்கிற மகன் 65 அங்குல ஓஎல்இடி வாங்கிக் கொடுத்திருந்தான். "என்னப்பா, மந்திரி குமாரி நீலமா தெரியுது, ஆளுங்க எல்லாம் சீரியல்ல நடக்கிற மாதிரி வழுக்கிட்டு நடக்கிறாங்க" என்று போன் செய்தார். போய்ப் பார்த்தேன். டிவி 'விவிட்' என்ற பட முறையில் இருந்தது. அந்த முறையில் வெள்ளை நீலம் பாய்ந்துதான் வரும். அதை 'ஃபிலிம்மேக்கர்' முறைக்கு மாற்றினேன். படத்தின் அசைவை வழவழப்பாக்குகிற வசதியும் அதோடு சேர்ந்து நின்றுவிட்டது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தோம்.

'மந்திரி குமாரி' மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்து 1950இல் வந்த படம். அந்தக் காலத்துப் படங்கள் இன்றைய திரையின் அகலத்துக்கு வராது, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். சாதா எல்இடியில் அந்தப் பட்டைகள் சாம்பல் திரைச்சீலை போலப் படத்தை நெருக்கிக்கொண்டு நிற்கும். ஓஎல்இடியில் இருட்டறையில் பட்டையே தெரியாது. சுவரும் திரையும் ஒன்றாகி, நடுவில் படம் மட்டும் இருக்கும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் எத்தனை சாம்பல்! தூணின் நிழல் ஒரு சாம்பல், அதன் மேல் விழும் ஆளின் நிழல் இன்னொரு சாம்பல். லைட் பாய்கள் தூக்கிப் பிடித்த விளக்குகளை வைத்து நம் ஊரில் ஒரு ஒளிப்பதிவாளர் செய்த வேலை அத்தனையும் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. வாத்தியார் படம் முடிகிறவரை பேசவே இல்லை. நல்ல பிரதியாகக் கிடைத்தால் நேயர்களும் ஒருமுறை இப்படிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அப்படியானால் எல்லாரும் ஓஎல்இடிதான் வாங்க வேண்டுமா? வேண்டாம். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் வந்தார். முன் ஹால் தெருவைப் பார்த்தது, கதவு நாளெல்லாம் திறந்தே இருக்கும். வெள்ளி விலை பார்ப்பதற்காகக் காலையிலிருந்து ராத்திரிவரை வணிகச் செய்திச் சேனல் ஓடும். அவருக்கு மினி எல்இடி எடுக்கச் சொன்னேன். முதல் காரணம் வெளிச்சம். பகல் வெளிச்சத்தில் திரை முழுக்கப் பளிச்சென்று நிற்க மினி எல்இடியால் முடியும். ஓஎல்இடி திரை முழுக்க வெள்ளையாக வரும்போது தானே மங்கிக்கொள்ளும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ஓஎல்இடியில் ஒளி தருவது கரிமப் பொருள், எரிய எரிய அது தேயும். சேனல் லோகோவும் கீழே ஓடுகிற செய்திப் பட்டையும் நாள் முழுக்க ஒரே இடத்தில் எரிந்தால் அந்த இடம் மட்டும் சீக்கிரம் தேய்ந்து, மற்ற படத்திலும் நிழலாக நிற்கும். கேரண்டியில் அது அடங்குமா என்று பில் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேனல் போனால் டிவியின் விலையில் பெரும் பங்கு போயிற்று.

ஓஎல்இடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். நம் வீடுகளில் ரிமோட்டில் அணைத்த கையோடு சுவிட்ச் போர்டிலும் அணைக்கிற பழக்கம் உண்டு. மற்ற டிவிகளுக்கு அது நல்லதுதான். ஓஎல்இடி, சில மணி நேரம் ஓடியபின், ரிமோட்டில் அணைத்து வைத்திருக்கும்போது தன் புள்ளிகளைத் தானே சரிபார்த்துச் சமன் செய்துகொள்கிறது. உடனே கரண்டை நிறுத்தினால் அந்த வேலை நடக்காது. இரவில் ரிமோட்டோடு விட்டுவிட்டு, காலையில் வேண்டுமானால் போர்டில் அணையுங்கள். ஆனால் சித்திரை, வைகாசியில் இடி முழங்கினால் இந்தப் பேச்சே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கேபிள் ஒயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். கோடை மழை முடிந்த மறுநாள் என் கடைக்கு வருகிற டிவிகளில் பலவற்றில் மின்னல் கேபிள் ஒயர் வழியாக செட் டாப் பாக்ஸுக்குள் போய், அங்கிருந்து எச்டிஎம்ஐ போர்ட்டைத்தான் கருக்கியிருக்கும்.

நேரம் குறைவாக இருக்கிறது. அளவு பற்றிச் சுருக்கமாக. உட்காரும் இடம் ஏழு அடி தள்ளி என்றால் 55, ஒன்பது அடி என்றால் 65 போதும். கேபிளில் சாதா சேனல்தான் பார்ப்பீர்கள் என்றால் பெரிய திரை அதன் குறையைத்தான் பெரிதாக்கும், பணத்தை மிச்சப்படுத்துங்கள். மெல்லிய டிவியில் ஸ்பீக்கருக்கு இடமில்லை, ஒரு சவுண்ட் பாருக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

இரவில் விளக்கணைத்து சினிமா பார்க்கிற வீடா, ஓஎல்இடி. பகலெல்லாம் கதவு திறந்து செய்தியும் கிரிக்கெட்டும் ஓடுகிற வீடா, நல்ல மினி எல்இடி. இந்தத் தீபாவளிக்கு டிவி எடுக்கப் போகிற நேயர்கள், வாங்குவது எதுவானாலும், கையில் அந்த விளக்கு வீடியோவோடு கடைக்குப் போவீர்கள் என்று நம்புகிறேன்.