இஸ்திரி போட்ட சட்டை



எந்த ஆசிரியரின் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அவர் மடிப்புக் கலையாத சட்டையோடுதான் வீட்டைவிட்டு இறங்குவார். ஊர்த்தெருத் திண்ணையிலிருந்து, "என்ன வாத்தியாரே, மாப்பிள்ளை மாதிரி கிளம்பிட்டீங்க?" என்பார்கள். அது பாராட்டல்ல என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு இன்று கல்லூரியில் சொல்லித்தரும் முதல் பாடம், நன்றாக உடுத்திப் போங்கள் என்பது. முழுக்கைச் சட்டை, வெட்டிய முடி, பாலிஷ் போட்ட ஷூ. தவறில்லை. ஆனால் 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள்மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் சட்டை, பனியன் போடக்கூடாது, முடியை கிராப் வெட்டக்கூடாது, செருப்பு அணியக்கூடாது. பெண்கள் ரவிக்கை போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. நேர்முகத் தேர்வுக்கு இன்று எதெல்லாம் வேண்டும் என்கிறார்களோ, அதில் பாதி அன்று நமக்குக் குற்றம்.

அதற்கும் முந்தியது அம்பேத்கர் எழுதிவைத்த சம்பவம். 1901 வாக்கில், சிறுவனாக, அண்ணனோடு அப்பாவைப் பார்க்கக் கிளம்புகிறார். புதுச் சட்டை, புதுச் செருப்பு, சரிகைத் தொப்பி. மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய பிள்ளைகளைப் பார்த்து, பிராமணக் குழந்தைகள் என்றே நினைத்து ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக விசாரிக்கிறார். மகர்கள் என்று வாய்தவறி வந்ததும் முகம் மாறி, அறைக்குள் போய்விடுகிறார். உடுப்பு சம்பாதித்துக் கொடுத்த மரியாதை அந்த ஒரு சொல்லோடு முடிந்தது.

நாங்கள் ஆதிதிராவிடர் நல விடுதியில் இருந்தபோது, அறையில் நான்கு பேருக்கு ஒரே நல்ல சட்டை, ஒரு ஜோடி ஷூ. எவர்சில்வர் சொம்பில் கொதிநீர் ஊற்றி இஸ்திரி போடுவோம். ஷூ பெரிது, சின்னக் காலுக்காரன் முன்னால் பேப்பரைத் திணித்துக்கொள்வான். அப்படிப் போன ஒருவனை சென்னையில் ஒரு நிறுவனத்தில் சிரித்த முகத்தோடு உட்காரச் சொன்னார்கள். பாடக் கேள்விகள் முடிந்தன. பிறகு, "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்?" தகவல் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தார்கள். இன்னும் சொல்லவில்லை.

தோரட்டும் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு குறைவாக வந்தது. அங்கே சட்டையை யாரும் பார்க்கவே இல்லை, பெயர்தான் உடுப்பு.

அதனால் அழுக்காகப் போங்கள் என்றா சொல்கிறோம்? இல்லை. அடிபட்டு வாங்கிய சட்டை இது, நன்றாகவே போடுவோம். ஊரை மறைக்கப் போட வேண்டாம். வேலை கிடைக்காதபோது, 'நம்ம தோற்றம் சரியில்லை போல' என்று கண்ணாடி முன்னால் நின்று உங்களையே நொந்துகொள்ளவும் வேண்டாம். நேர்முகத் தேர்விலிருந்து திரும்பிய அன்றே, கேட்ட கேள்விகளைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள். வாசலில் மேசைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம்.